எந்த மாதத்திலும் போகக்கூடிய மலை எது? சென்னைக் குடும்பம் ஒன்றின் கேள்விக்கு என் பதில்

சென்னையிலிருந்து எந்த மாதத்தில் கிளம்பினாலும் போகக்கூடிய மலை ஒன்று வேண்டும், போன இடத்தில் அறைக்குள் முடங்காமல் வெளியில் நடக்கவும் பார்க்கவும் ஏதாவது இருக்க வேண்டும், கூட வருகிறவர்கள் எட்டு வயதிலும் பதிமூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள அம்மா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி எல்லாவற்றையும் பற்றி ‘ஆண்டு முழுவதும் ஏற்ற இடம்’ என்றே போட்டிருக்கிறார்கள், எதைத்தான் நம்புவது என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று எந்த மலை என்பது. இன்னொன்று எப்போது என்பது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் பன்னிரண்டு மாதமும் போகப் போவதில்லை. கோடை விடுமுறை, காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல், அப்புறம் நடுவில் வரும் மூன்று நாள் வார இறுதிகள். இந்த ஐந்துக்கும் பொருந்துகிற மலை எது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில்.

பல ஆண்டுகளாகச் சென்னையிலிருந்து சிறு குழுக்களை மலை நடைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறேன். நடை, பறவை பார்த்தல், காட்டோரப் பாதைகள், இவைதான் எனக்குத் தெரிந்தவை. கயிற்றில் தொங்குவது, பறப்பது போன்ற சாகச விளையாட்டுகளில் எனக்குப் பயிற்சி கிடையாது, அதனால் அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே மலை என்றால் நீலகிரி. ஆனால் தங்குவது ஊட்டி நகரத்தில் வேண்டாம், கோத்தகிரியில் தங்குங்கள். ஏன் என்று விளக்கினால்தான் இது என் சொந்த விருப்பமா, காரணம் உள்ள தேர்வா என்று நீங்களே தீர்மானிக்க முடியும்.

ஒரு மலை எப்போது நன்றாக இருக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. கோடையில் உயரம், மழைக்காலத்தில் திசை. உயரக் கணக்கு எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சென்னையில் 40 டிகிரி அடிக்கும் மே மாதத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் 33, 34 டிகிரியை எதிர்பார்க்கலாம். காலையும் இரவும் இதமாக இருக்கும், ஆனால் மதியம் வெயில்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், கொஞ்சம் பரவாயில்லை. கோத்தகிரி 1,790 மீட்டருக்குப் பக்கம், குன்னூர் 1,850, கொடைக்கானல் 2,130, ஊட்டி 2,240. மே மாத மதியத்தில் பிள்ளைகளை வெளியில் நடக்க வைக்க வேண்டுமானால் 1,700 மீட்டருக்கு மேலே போக வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு. ‘குளிர்ச்சியான மலை’ என்று எழுதுகிறவர்கள் உயரத்தைச் சொல்வதில்லை. நீங்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மழைக் கணக்கு இதைவிட முக்கியம், சென்னைக்காரர்களுக்குப் பழக்கமில்லாததும்கூட. நமக்கு மழை என்றால் ஐப்பசி கார்த்திகைதான். ஜூன் ஜூலையில் நாம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கு முகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 140 சென்டிமீட்டர்தான். அவலாஞ்சி, அப்பர் பவானி, கூடலூர், பந்தலூர் எல்லாம் இந்த மேற்கு முகத்தில் இருக்கின்றன. ஆனால் அதே வாரத்தில் கோத்தகிரிக்குப் போனால் தூறலும் மூடுபனியும்தான் பெரும்பாலும் இருக்கும். நடுவில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தில் சுவர் போல நிற்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் அதற்கு மேற்கிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. கோத்தகிரி அதன் மழை மறைவில் இருக்கிறது.

அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு மேல் கதை தலைகீழாகும். வடகிழக்குப் பருவமழை வங்கக்கடலிலிருந்து வருவதால் கோத்தகிரி, குன்னூர், கேத்தி ஆகிய கிழக்கு, தெற்குச் சரிவுகள் நேராக வாங்கிக்கொள்ளும். 2009 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் ஒரே நாளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதத்தில் மேற்குப் பக்கம், அதாவது ஊட்டிக்கு அப்பால் பைக்காரா, கூடலூர் பக்கம், மழை குறைவாக இருக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழைக்காலம் இரண்டு பக்கத்தில் பெய்கிறது என்பதுதான் நீலகிரியை நான் தேர்ந்தெடுக்கும் காரணம். ஒரு பக்கம் நனையும்போது மறு பக்கம் போகலாம், ஒன்றரை மணி நேர பஸ் பயணம்தான். ஏற்காட்டிலோ ஏலகிரியிலோ இந்த வசதி இல்லை. சின்ன மலைகள், பெய்தால் மலை முழுக்கப் பெய்யும். கொடைக்கானலும் அக்டோபர், நவம்பரில் அப்படித்தான்.

இதுவரை சொன்னதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உயரத்துக்கு ஏற்பக் குளிர்வது, எந்தக் காற்று எந்தப் பக்கம் மழை தரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறாது. மாறுவது அளவும் நாளும். ஒரு குறிப்பிட்ட வாரத்தில் எவ்வளவு பெய்யும், அருவியில் தண்ணீர் இருக்குமா, மலை ரயில் ஓடுமா, எந்தக் காட்டுப் பாதை திறந்திருக்கும் என்பதையெல்லாம் யாரும் மூன்று மாதம் முன்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி முன்பணம் வாங்குகிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

மழையைவிட எனக்கு அதிகம் பயம் தருவது நெருப்பு. சென்னையில் இருப்பவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களை மழையில்லாத நல்ல காலம் என்று நினைத்து மலையேற்றம் திட்டமிடுவார்கள். அந்த மாதங்களில்தான் புல்வெளிகள் காய்ந்து பஞ்சாகக் கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நம் ஊரிலிருந்து வார இறுதிக்குப் போன இளைஞர்கள். மலைச்சரிவில் தீ கீழே இருந்து மேலே ஏறும்போது மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடும். அதனால் சமதளத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் பாயும், மனிதன் ஏறி ஓடி அதை முந்த முடியாது. அந்த விபத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது பொதுவாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுப் பாதைகளை வனத்துறை மூடிவிடுகிறது. அந்த ஆண்டின் வறட்சியைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். ‘எங்களுக்கு ஆள் தெரியும், உள்ளே கூட்டிப் போகிறோம்’ என்று அந்த இரண்டு மாதத்தில் யார் சொன்னாலும் பிள்ளைகளோடு போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

சரி, இப்போது உங்கள் ஐந்து விடுமுறைகளுக்கு வருவோம். எனக்குப் பிடித்தது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் தென்மேற்குப் பருவமழை விலகிக்கொண்டிருக்கும், வடகிழக்கு இன்னும் தொடங்கியிருக்காது. மலை முழுக்கப் பச்சை, ஓடைகளில் தண்ணீர், கூட்டம் குறைவு. மதியத்துக்கு மேல் இடியோடு ஒரு மழை வர வாய்ப்பு உண்டு. அதனால் காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் நடையை முடித்துக்கொள்ள வேண்டும், பிற்பகலை அறையிலோ கடைத்தெருவிலோ கழிக்க வேண்டும். மழை வந்தபின் ஈரமான சோலைக்காட்டில் அட்டை இருக்கும். கடித்தால் ஆபத்தில்லை. நீளமான காலுறை போட்டு பேண்ட்டை அதற்குள் செருகினால் பாதி தொல்லை போய்விடும், ஏறியதைப் பிய்த்து எடுக்காமல் நகத்தால் விளிம்பிலிருந்து தள்ளிவிட்டால் போதும்.

அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் வேறு அனுபவம். டிசம்பர் கடைசியில் வடகிழக்கு மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். வானம் தெளிவாக இருந்தால் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் தாவரவியல் பூங்கா புல்தரை, குதிரைப் பந்தய மைதானம், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் காலையில் புல் வெள்ளையாக இருக்கும், மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் ஒன்றும் இருக்காது. வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி இது. ஆனால் சூரியன் எழுந்து அரை மணி நேரத்தில் கரைந்துவிடும் என்பதால் ஒரு நாள் மட்டும் ஊட்டிப் பக்கம் இரவு தங்கி, மறுநாள் கோத்தகிரிக்கு வந்துவிடலாம். அம்மாவுக்கு உறைபனி இரவு உகந்ததா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் பங்குக்குச் சொல்ல முடிவது, தங்கும் அறையில் வெந்நீரும் ஹீட்டரும் இருக்கிறதா என்று முன்பே போன் செய்து கேளுங்கள் என்பதுதான். உயரத்தால் வரும் மூச்சுத் திணறல், தலைவலி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்கும்போது கவலைப்பட வேண்டியது, கோத்தகிரி அதற்கு வெகு கீழே.

பொங்கல் சமயம்தான் பார்வை முனைகளுக்குச் சரியான காலம். மற்ற மாதங்களில் பாதி நாள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் கோடநாடு முனை. அங்கே நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கும், காட்டுக்கு நடுவில் தெங்குமரஹாடா கிராமத்தின் வயல்களும் தெரியும். வண்டி கிட்டத்தட்ட முனைவரை போகும் என்பதால் உங்கள் அம்மாவும் வரலாம். பறவை பார்க்கவும் இதுவே காலம். இமயமலைப் பக்கம் கோடையைக் கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற சின்னக் குருவிகள் குளிர்காலத்துக்கு இங்கே வந்திருக்கும். வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் நீலகிரிச் சிரிப்பானை உலகில் வேறெங்கும் பார்க்க முடியாது. அது பெயருக்கேற்ற சத்தம் போட்டுக்கொண்டு வேலியோரத்தில் சுற்றும், குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், எந்த விளையாட்டுப் பூங்காவையும்விட அதிக நாள் உழைக்கும்.

கோடை விடுமுறை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருவதால் அதுதான் கடினம். ஊட்டி என்றால் மே மாதம் என்ற எண்ணம் நமக்கு மதராஸ் அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு இடம்பெயர்ந்த வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றும். கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி, ஊட்டி ரோஜா, மலர்க் கண்காட்சிகள், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி எல்லாம் மே மாதத்தில் வரும், சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை, காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். வரம்பு மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலையே இல்லை. என் யோசனை: தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசி வாரத்தில், ஞாயிறு இரவு கிளம்பி வியாழன் திரும்புவது போல வைத்துக்கொள்ளுங்கள். கோடை மழை ஒன்றிரண்டு பெய்து தீ அபாயம் தணிந்திருந்தால் காட்டுப் பாதைகளும் திறந்திருக்கும். கண்காட்சிகளை விட்டுவிடுங்கள். பூக்கள் முன்பின் பல வாரங்கள் இருக்கும், கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் மூன்று நாள் வார இறுதிகளில், முக்கியமாக சுதந்திர தினத்தை ஒட்டி, கோத்தகிரியின் மழை மறைவு கைகொடுக்கும். மூடுபனியில் தேயிலைத் தோட்டச் சாலைகளில் நடப்பது அந்தக் காலத்தின் சுகம். தோட்டங்கள் தனியார் சொத்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழைவது மரியாதை, மருந்து அடிக்கும் நாளில் போகக் கூடாது. அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரை வரும் விடுமுறைகளுக்கு மட்டும் என் நேரான பதில், குழந்தைகளோடு எந்த மலைக்கும் போக வேண்டாம் என்பது. தீபாவளிக்குப் போகிறோம் என்று பலர் கிளம்புகிறார்கள். இரண்டு பக்கம் உண்டு என்றேனே, ஆனால் சென்னையிலிருந்து மேற்குப் பக்கம் போகவும் ஈரமான கிழக்கு மலைச்சாலையில்தான் ஏற வேண்டும். பெரியவர்கள் மட்டும், வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் திட்டத்தை மாற்றும் மனதோடு போகலாம்.

கோத்தகிரியில் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊருக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர் பழைய காடு. கோத்தகிரியைச் சுற்றியுள்ள பல கிராமங்களுக்குத் தண்ணீர் தரும் ஊற்று இதுதான். 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மரங்கள் குட்டையாக, பாசி படர்ந்து, உள்ளே மதியத்திலும் மங்கலாக இருக்கும். தேயிலைத் தோட்டத்தைப் பச்சைக் காடு என்று நம்பிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு உண்மையான நீலகிரி எப்படி இருந்திருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் நுழையக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், நீலகிரியில் லாங்வுட் சோலையும் ஊட்டிப் பக்கம் கெய்ர்ன் ஹில்லும் எளிய வகை. பிள்ளைகளுக்கான வயது விதியைப் பதிவுப் பக்கத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்கள் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள். நாம் கொடுக்கும் கட்டணத்தில் அவர்களுக்கு வருமானம் போகிறது, நமக்கு விலங்கின் தடம் தெரிந்த ஒருவர் துணை. அதனால்தான் கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தடம் தெரிந்தவர் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கோத்தகிரி, குன்னூர் பகுதியில் காட்டுமாடு தேயிலைக்குள்ளும் வீட்டு ஓரத்திலும் மேய்ந்துகொண்டிருக்கும், கரடியும் சிறுத்தையும் இருட்டில் நடமாடும். காட்டுமாடு சாதுவாகத் தெரியும், ஆனால் ஒரு டன்னைத் தொடும் எடையுள்ள விலங்கு. செல்ஃபிக்காகப் பக்கத்தில் போனவர்களை முட்டியிருக்கிறது. பார்த்தால் நின்று, அது போக வழி விட்டு, வந்த வழியே பின்வாங்குங்கள். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபிறகு வெளியே வாருங்கள், மாலை ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பாட்டுக் கழிவை வெளியே வீசும் விடுதியில் தங்காதீர்கள், அந்த வாசலுக்குத்தான் கரடி வரும்.

அம்மாவுக்கு ஏற்ற ஒரு நாள் மலை ரயில். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பகுதி 1899இல் திறந்தது, ஊட்டிவரை 1908இல் நீண்டது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளத்தின் நடுவில் பல்லுள்ள கம்பி இருக்கிறது, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். சாதாரண ரயில் ஏற முடியாத செங்குத்தில் போகிறது என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கீழே இறங்கிக் காட்டுங்கள். சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு இணைப்பாகப் போய்ச் சேரும். குன்னூரில் இறங்கிக்கொண்டால் அங்கிருந்து கோத்தகிரிக்கு பஸ் உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்து ரயிலை நிறுத்துவது வாடிக்கை, நவம்பரில் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி ஓடுகிறது. வழியில் அரவேணுப் பக்கம் கேத்தரின் அருவி எட்டத்தில் தெரியும்.

சொந்தக் காரில்தான் போவேன் என்றால் ஒரே ஒரு பாடம். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ இறங்கும்போதும் அதே கியரில் இறங்குங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் தாழ்ந்த நிலையில். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இரவில் மலைச்சாலை வேண்டாம், மூடுபனியில் வெள்ளைக்கோடுகூடத் தெரியாது. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

அருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். விளம்பரப் படத்தில் இருக்கும் அருவி எல்லாம் மழைக்காலத்தில் எடுத்த படம். ஏற்காட்டின் கிளியூர், ஏலகிரியை ஒட்டிய ஜலகாம்பாறை போன்றவை கோடையில் வெறும் பாறை. தண்ணீர் இருக்கும் மாதங்களிலோ மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே திடீரென்று வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால் அந்த நொடியே கரையேற வேண்டும், துணியை எடுக்கக்கூட நிற்கக் கூடாது. நீலகிரி அணைகளில் குளிக்க இறங்கவே வேண்டாம். கரை ஆழமில்லாதது போல இருந்து சட்டென்று சரியும், தண்ணீரின் குளிரில் நீச்சல் தெரிந்தவரின் கையும் காலும்கூட விறைத்துப்போகும்.

கொடைக்கானலை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்கலாம். நல்ல மலைதான், அம்மாவை மட்டும் மனதில் வைத்தால் அதுவே மேல். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சமதளச் சாலை, பிள்ளைகள் வாடகை சைக்கிளில் சுற்றலாம், கோக்கர்ஸ் வாக்கில் அம்மா மெதுவாக நடக்கலாம். அங்கே இருக்கும் சூரிய ஆய்வகம் நம் நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய வானாய்வகத்தின் வாரிசு என்பது சென்னைக்காரர்களுக்குப் பெருமை. ஆனால் மழை வந்தால் மாற்றுப் பக்கம் இல்லை, நகரத்துக்குள் நெரிசல் சீசன் முழுக்க. குறிஞ்சிப் பூவுக்காகக் கேட்கிறவர்களுக்கு: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுக்க நீலமாகும் பூப்பு கடைசியாக 2018இல் வந்தது, அடுத்தது 2030இல் வர வேண்டும். நடுவில் ‘குறிஞ்சி பூத்தது’ என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை அதே குடும்பத்தின் வேறு செடிகள், அல்லது அங்கங்கே ஒதுங்கிப் பூக்கும் சிறு கூட்டங்கள். அழகுதான், ஆனால் அதற்கென்று லீவு போட வேண்டாம்.

ஒரே ஒரு இரவுதான் கிடைக்கிறது என்றால் நீலகிரியை விட்டுவிடுங்கள், பயணத்திலேயே நேரம் போய்விடும். ஏலகிரி சுமார் 230 கிலோமீட்டர், ஜோலார்பேட்டைவரை ரயிலில் போய் அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடை, பதிமூன்று வயதுப் பிள்ளைக்குச் சரியான முதல் மலை. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை எனக்குப் பிடிக்கும், மார்ச்சுக்கு மேல் வேண்டாம். அதற்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று கண்ட 1977ஆம் ஆண்டு அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. பொதுவாகச் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள், நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் திறந்திருக்கும், அதிலும் அமாவாசையை ஒட்டிய வார இறுதியாகப் பாருங்கள். காட்டுப் பாதைகள் மூடியிருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளைகளோடு மலைக்குப் போக எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இது ஒன்றுதான்.

உங்கள் கேள்வி ஜூலையில் வந்திருக்கிறது. அடுத்து வருவது காலாண்டு விடுமுறை, அதையே முதல் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அதனால் பள்ளி விடுமுறைத் தேதி தெரிந்ததும் நீலகிரி எக்ஸ்பிரஸையும் மலை ரயிலையும் ஒரே நாளில் பதிவு செய்துவிடுங்கள். மலை ரயிலில் இருக்கைகள் மிகக் குறைவு, அதுதான் முதலில் தீரும். நான்கு பேருக்கும் கிடைக்காவிட்டால் ஏறும் பயணத்துக்கு அம்மாவுக்கும் சின்னப் பிள்ளைக்கும் மட்டும் எடுத்துவிட்டு, மற்றவர்கள் பைகளோடு பஸ்ஸில் குன்னூர் போய் நிலையத்தில் காத்திருக்கலாம். பஸ்தான் முதலில் போய்ச் சேரும்.